பரண்மேல் இருந்த கிட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "வேலையை விட்டு மூன்று மாசமாச்சு, இன்னும் எத்தனை நாள் இப்படி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாய்?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லவில்லை. "அம்மாகிட்ட குடுங்க" என்றாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. எழுந்து, நீ எப்போதோ அனுப்பி நான் திறக்காமலே வைத்திருந்த பாட்டைக் கேட்டேன். பிரேசில் நாட்டுப் பாடகர், கிட்டார்காரர் ஜோவாவ் ஜில்பெர்டோ பாடியது. மறுநாளிலிருந்து அந்த மனிதரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் எனக்குத் தோன்றியதை எழுதிவிடுகிறேன்.

பிரேசிலில் பாஹியா மாநிலம், சாவ் பிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் ஜுவாசேரோ என்ற ஊர். 1931-ல் அங்கே பிறந்திருக்கிறார். அப்பா வசதியான வியாபாரி. பதினாலு வயதில் கையில் கிட்டார் வந்தது. 1950-ல் ரியோ டி ஜெனிரோ நகரத்துக்குப் போய் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்தார். ஒத்திகைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் சில வருஷம் நண்பர்கள் வீட்டில் மாறி மாறித் தங்கல். கையில் காசில்லை, மனசும் சரியில்லை. கடைசியில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் தியமந்தினா என்ற மலை ஊரில் சகோதரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டி. உன் வயசுதான் தம்பி.

அங்கே ஏறக்குறைய எட்டு மாசம் குளியலறைக்குள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். சுவரில் பட்டு ஒலி திரும்பி வருவதால், மெல்லப் பாடினாலும் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும். குரலை உயர்த்தாமல், நடுக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரியே பாடலாம் என்று அங்கேதான் கண்டுகொண்டார். கிட்டாரில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள எனக்கு நாலைந்து தடவை கேட்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் சம்பா என்கிற பிரேசில் ஊர்வல ஆட்ட இசையின் பெரிய முரசு மாதிரி நிதானமாகப் போகிறது. மற்ற விரல்கள் சேர்ந்து, தம்போரிம் என்கிற சின்னக் கைப்பறையின் தாளத்தைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு விலகுகின்றன. குரல் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி. ஒரு ஊர்வலத்தையே ஒரு கைக்குள் அடக்கியிருக்கிறார். ஒரே ஸ்வரக்கட்டை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வாசித்தாராம். அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பினார். பெற்றவருக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, சால்வடோர் நகரத்தில் மனநல சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்து, "காற்று மரங்களின் முடியைப் பிடுங்குகிறது" என்றாராம். மரத்துக்கு முடி கிடையாதே என்று கேட்டதற்கு, "சில மனிதர்களிடம் கவிதை கிடையாது" என்றாராம். இதைப் பலரும் சொல்லி வருகிறார்கள். சில நாளில் வெளியே விட்டுவிட்டார்கள்.

மிச்சக் கதை ஊரறிந்தது. 1958 ஜூலையில், டாம் ஜோபிம் இசையமைத்து வினீசியஸ் டி மொராயஸ் எழுதிய 'ஷேகா டி சவுடாஜி'யைப் பதிவு செய்தார். குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று இரண்டு மைக் கேட்டார். அந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ரெண்டே நிமிஷப் பாட்டு, போசா நோவா என்கிற இசையே அதிலிருந்து கிளம்பியது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் அவரே எழுதிய 'பிம் போம்'. ஆற்றில் துவைத்த துணி மூட்டையைத் தலையில் வைத்து, அசைந்து நடந்து போகும் ஜுவாசேரோ பெண்களின் நடைதான் அதன் தாளம். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் செய்த ஆல்பம் 1965-ல் கிராமி இசை விருது வாங்கியது. 2019-ல், எண்பத்தெட்டு வயதில், ரியோவில் இறந்தார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தத் தகப்பனைத்தான். பிள்ளைமேல் ஆசை இல்லாதவர் இல்லை. எதிரே நடந்ததை அவரால் கேட்க முடியவில்லை. பிளஸ் டூ வருஷம் நீ ஒரே இடத்தை இருபது தடவை வாசிப்பாய். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் கேட்டது. பரீட்சைக்கு நாலு மாசம் இருக்கும்போது உன் கிட்டாரைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். நீ அழவில்லை, சாப்பிட மட்டும் வரவில்லை. அது தப்பு தம்பி. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதை உன்னிடம் சொன்னதில்லை.

எட்டு மாசத்தில் உனக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. வாடகைக்கு ஆறு மாசம் நான் அனுப்புகிறேன், மறுக்காதே. உறவுக்காரர்கள் கேட்டால், பையன் வாசிக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று பரணிலிருந்து அதை இறக்கித் துடைத்து வைத்தேன். உடம்பில் கீறல் இல்லை. கம்பியெல்லாம் துருவேறி, மெல்லிசான கம்பி ஒன்று அறுந்து கிடக்கிறது. கடையில் நைலானா, ஸ்டீலா என்று கேட்கிறார்கள். எது வாங்கட்டும்?

அன்புடன்,
அப்பா