பொரித்த உணவுக் கடைக்காரர்களுக்கு: பாதி கெடுதல் உங்கள் கையில்

சிப்ஸும் பொரித்த கோழியும் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடைகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கடையை மூடச் சொல்லி எழுதும் மடல் இல்லை இது. நானும் பொரித்ததை ஆசையாகத் தின்கிற ஆள்தான். "பொரித்தது உடம்புக்குக் கெடுதல்" என்பதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்துப்போயிருக்கும், எனக்கும் அலுத்துவிட்டது, ஏனென்றால் எவ்வளவு கெடுதல், எதனால் கெடுதல் என்று அதைச் சொல்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. எங்களிடம் "வாயைக் கட்டு" என்று சொல்ல டாக்டரில் தொடங்கி வீட்டில் இருக்கிற எல்லோரும் இருக்கிறார்கள். சரி, வாயைக் கட்டுவது எங்கள் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொட்டலம் சிப்ஸில் எவ்வளவு எண்ணெய் இறங்கியிருக்கிறது, அது எத்தனை நாள் எண்ணெய், எவ்வளவு கருகியது என்பதெல்லாம் வாங்குகிறவன் கண்ணில் படாத இடத்தில் முடிவாகிறது. அதைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும்.

முதலில் உருளைக்கிழங்கின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுவோம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 85 கலோரிதான், கொழுப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். அதையே ஃபிங்கர் சிப்ஸாகப் பொரித்தால் 300 கலோரியைத் தொடும், 15 கிராம் அளவுக்குக் கொழுப்பு. சீவல் மாதிரி மெலிதாக அரிந்து பொரித்தால் 500 கலோரியைத் தாண்டிவிடும், எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். கிழங்கு மாறவில்லை, தண்ணீர் வெளியே போய் எண்ணெய் உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எண்ணெய் எப்போது உள்ளே போகிறது தெரியுமா? கொதிக்கிற எண்ணெயில் கிடக்கும்போது இல்லை. அப்போது கிழங்கில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய்க்கு உள்ளே நுழைய வழி கிடைப்பதில்லை. கூடையை மேலே தூக்கியதும்தான் கதை மாறுகிறது. சிப்ஸ் ஆற ஆற உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும், அந்த இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படும். ஆக, எண்ணெயின் பெரும்பங்கு உள்ளே போவது எடுத்த பிறகு, அதுவும் முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். கூடையைத் தூக்கிய கையோடு நன்றாக நாலு உதறு உதறி, சூடு ஆறுவதற்குள் வடியவிட்டால் எங்கள் வயிற்றுக்குப் போகும் எண்ணெய் குறையும். கூட்ட நேரத்தில் உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தூக்கிய வேகத்தில் தட்டில் கொட்டிவிட்டு அடுத்த கூடையை இறக்குகிறார்கள். அதுவும் உறைந்த சிப்ஸை வாய்வரை அடைத்து. எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும், மேல்தோல் சீக்கிரம் இறுகாது, சிப்ஸ் சொதசொதவென்று எண்ணெய் குடித்துக்கொண்டு கிடக்கும். பொட்டலத்தின் அடிக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதே, அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாதிக் கூடை போடுங்கள், கொஞ்சம் தடிமனாக அரியுங்கள் (தடிமன் கூடினால் அதே எடைக்கு எண்ணெய் படும் பரப்பு குறைகிறது), வரிசையில் நிற்கிற நாங்கள் இரண்டு நிமிடம் கூட நின்றால் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் அந்த எண்ணெய். எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது உடைகிறது, காற்றோடு சேர்ந்து கெடுகிறது, கெட்டியாகிறது. நுரை தள்ளும், நிறம் கறுக்கும், முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும், சிக்கு வாடை அடிக்கும். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பி இதை விடக்கூடாது என்றுதான் பல நாடுகள் எண்ணெய் கெடக் கெட அதில் கூடிவரும் துருவச் சேர்மங்களின் மொத்த அளவை வைத்து ஒரு வரம்பு போட்டிருக்கின்றன. பெரும்பாலும் 24 முதல் 27 சதவீதத்துக்குள் இருக்கும் அந்த வரம்பு, இந்தியாவில் 25. அதைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்ட வேண்டியதுதான். எண்ணெய்க்குள் விட்டால் அளவு காட்டும் கைக்கருவியே கிடைக்கிறது. எண்ணெய் விலை உங்களைக் கடிக்கிறது, சீக்கிரம் மாற்றினால் லாபம் போகிறது என்பது புரியாமல் பேசவில்லை. அதே எண்ணெய் நல்ல நிலையில் அதிக நாள் வரவும் வழி இருக்கிறதே: தினமும் கசண்டை வடிகட்டுவது, வேலை இல்லாத நேரத்தில் சூட்டைக் குறைத்து மூடி வைப்பது, கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே கூடையைப் பிடித்துக்கொண்டு உப்புத் தூவாமல் இருப்பது. கெட்ட எண்ணெயில் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டுவதை மட்டும் தயவுசெய்து பராமரிப்பு என்று சொல்லாதீர்கள்.

எந்த எண்ணெய் என்பதும் சின்ன விஷயம் இல்லை. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. வனஸ்பதி மாதிரியான பாதி ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு அதைவிட மோசம், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய ஊற்றே அதுதான். டிரான்ஸ் கொழுப்புக்கு முதலில் சட்டவரம்பு போட்டது டென்மார்க், 2003இல். ஆலைகளில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் உலகம் முழுக்க ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் கேட்டது. கெடு முடிந்த பிறகும் தகர டின்னில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குகிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

"எங்கள் தாத்தா பொரித்ததே தின்று தொண்ணூறு வயது இருந்தார்" என்பீர்கள். இருக்கட்டும். ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் 40,000க்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில் பொரித்த உணவுக்கும் இதயநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஆலிவ், சூரியகாந்தி எண்ணெயில் பொரிக்கிற நாடு அது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2019இல் வந்த ஆய்விலோ, வாரம் ஒரு முறையாவது பொரித்த கோழி தின்றவர்களின் இறப்பு விகிதம், தின்னாதவர்களைவிட 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், இதுதான் காரணம் என்று நிரூபிப்பவை இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எனக்கு, பொரிப்பது என்பதைவிட எதில், எப்படி, எவ்வளவு அடிக்கடி என்பதுதான் கேள்வியாகத் தெரிகிறது.

கருகல் பற்றியும் கொஞ்சம். மாவுச்சத்துள்ள கிழங்கை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அக்ரிலமைடு உருவாகிறது என்று 2002இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்கும், மனிதர்கள் உணவில் சாப்பிடும் அளவில் அப்படி என்று இன்னும் உறுதிப்படவில்லை, அதனால் பயமுறுத்தப் போவதில்லை. குறைப்பது சுலபம் என்பதால் சொல்கிறேன். பச்சைக் கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், சர்க்கரை கூடி, பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும். அரிந்ததைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். சூடு 175 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பொன்னிறம் வந்ததும் எடுங்கள்.

அளவு, உப்பு இரண்டையும் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. "பெரிய சைஸ் போட்டுடவா?" என்று நீங்கள் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரி என்றுதான் சொல்வோம், எங்கள் லட்சணம் அப்படி. 150 கிராம் பொட்டலம் என்றாலே 450 கலோரி வந்துவிடுகிறது, கூடவே குளிர்பானம் வேறு. ஒன்றும் சொல்லாமல் வருகிறவருக்குச் சின்னதையே கொடுங்கள், பெரியது வேண்டும் என்கிறவர் வாய்விட்டுக் கேட்கட்டும். உப்பை நாங்களே போட்டுக்கொள்கிறோம், ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம், உங்கள் ஆள் கை தூவும் வேகத்தைப் பார்த்தால் அதில் பெரும்பங்கு ஒரே பொட்டலத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், செலவே இல்லாதது. விலைப்பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி எழுதி மாட்டுங்கள்: இன்றைக்கு எந்த எண்ணெய், அதை எப்போது மாற்றினீர்கள். ஒவ்வாமை உள்ளவர்களும் மாட்டுக்கொழுப்பு சாப்பிடாதவர்களும் உங்களை வாழ்த்துவார்கள். தேதியை எழுதக் கூச்சமாக இருக்கிற அன்றைக்கு எண்ணெயை மாற்றிவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கிற ஒருவன்