மீன் கடிக்கும் இடத்தைச் சொல்வதானால் முழுதாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு, சுண்ணாம்பாறு கரைகளில் புதிதாகத் தூண்டில் போட வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் "எங்கண்ணே கடிக்குது?" என்று கேட்டால் பழைய ஆட்களில் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. மீதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில் லொகேஷனைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை, இரண்டாவது இன்னும் மோசம்.

கழிமுகத்தில் இடம் பாதி, ஓதம் (கடல் தண்ணீர் ஏறி வடிவது) பாதி. தண்ணீர் வடியத் தொடங்கும்போது கிளை வாய்க்கால் ஆற்றில் விழும் மூலையில்தான் கொடுவா மீன் நிற்கும், அடித்துவரும் இறாலுக்கும் மடவைக் குஞ்சுக்கும். ஓட்டம் நின்றால் அந்த மூலையில் ஒன்றுமில்லை. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு வடிந்த தண்ணீர் இந்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு ஏறிக்கொண்டிருக்கும். லொகேஷனை மட்டும் வாங்கிப் போனவர் வெறுங்கையோடு திரும்பி, சொன்னவரைப் பொய்யர் என்பார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆழம். 2022 ஜூனில் கெடிலம் தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய ஏழு பெண்கள் மூழ்கி இறந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே மடு இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வெள்ளமாக வந்த பிறகு தென்பெண்ணையில் பழைய ஆழக் கணக்கு எதையும் நம்ப முடியாது. ஆகவே நல்ல இடத்தைச் சொல்ல மனமிருந்தால், கூடவே ஒருமுறை அழைத்துப் போய் எதுவரை நிற்கலாம் என்று கம்பு ஊன்றிக் காட்டுங்கள். அவ்வளவு தூரம் வர முடியாதா? அப்படியானால் பாலத்தடி, படித்துறை போல எல்லோரும் அறிந்த இடத்தைச் சொன்னால் போதும். புதியவர் கற்றுக்கொள்ள அங்கே ஜிலேபி மீனும் கெளுத்தி மீனும் தாராளம். கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து எடுக்கும்போது முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் குத்தாதபடி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். குத்தினால் கை நன்றாக வீங்கும்.

கரையில் மீன்பிடித்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் யார் என்பதையும் புதியவருக்குக் காட்ட வேண்டும். வீச்சு வலைக்காரர் நின்றால் குறைந்தது முப்பது அடி தள்ளி நிற்பது முறை. நண்டு வலை மிதவைக்குக் குறுக்கே எறிந்து தூண்டில் முள் சிக்கினால் சுண்டி இழுக்கக் கூடாது, வலை கிழியும்; தங்கூசியை (தூண்டில் நரம்பை) தளர்த்திவிட்டு வலைக்காரரைக் கூப்பிட வேண்டும். கல்லில் சிக்கினால் தூண்டில் ராடை வளைக்காமல், தங்கூசியை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுத்து அறுக்கலாம். வெறுங்கையில் சுற்றினால் விரல் அறுபடும். அறுந்த துண்டு வீட்டுக் குப்பைக்குத்தான் போக வேண்டும். கரையில் விட்டால் கொக்கின் காலில் சுற்றும்.

கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களுக்கும் ஒன்று. ஒருவர் காட்டிய இடத்துக்கு நாலு நண்பர்களைக் கூட்டிப் போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிடித்த மீனோடு படம் போடுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது. பின்னால் பாலமோ கோபுரமோ தெரியாமல், தண்ணீருக்கு முதுகு காட்டாமல், கரைப் பக்கம் புதரைப் பின்னணியாக வைத்து எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஆற்றுத் தூண்டில்காரர்கள் சிலர்,
கடலூர் முதுநகர்