இனி உன் பெயரால்

அன்புள்ள வசந்திக்கு,

இத்தனை வருஷமாக உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் உன் பெயரை நான் எழுதியதே இல்லை. 'அன்புள்ள குண்டூஸுக்கு' என்றுதான் ஆரம்பிப்பேன். நீயும் கீழே 'உன் குண்டூஸ்' என்றுதான் கையெழுத்துப் போடுவாய். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். "போட்டோ கேட்டிருந்தே. இப்ப வேண்டாம்டி, உடம்பு ரொம்ப வெச்சுப்போச்சு. கொஞ்சம் குறைச்சதும் எடுத்து அனுப்பறேன்." படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ராத்திரி அந்த வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எழுந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வரி. பத்து வருஷத்துக்கு முன்னாலும் கிட்டத்தட்ட இதே வரி. உன் மகன் பிறந்து ஒரு வருஷம் ஆனபோது எழுதியதில் "குழந்தை போட்டோ அனுப்பியிருக்கேன், என்னோடது குறைச்சதும்" என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்து உன் முகத்தைப் போட்டோவில் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகிறது.

அதே வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. என் மகள் பரணில் இருந்த பழைய பெட்டியைக் குடைந்து நம் ஒன்பதாம் வகுப்புக் குரூப் போட்டோவை எடுத்து வந்தாள். ஒவ்வொருத்தியாக யார் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், ஓரத்தில் விரலை வைத்து, "இவங்க ஏம்மா ஒளிஞ்சு நிக்கிறாங்க?" என்றாள்.

அது நீதான்.

மூன்று வரிசை. பின்வரிசையில் இருப்பவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறோம். நான் நடுவில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. நீ மட்டும் பெஞ்சில் இல்லை. ஓரத்தில், தரையில், முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் பாதித் தோள் மறைந்து நிற்கிறாய். முகமும் ஒரு பக்கத்துச் சடையும் மட்டும் தெரிகிறது. 32 வருஷமாக அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது, எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை.

மகள் கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. நீ பெஞ்சில் காலை வைத்து ஏறினாய். பழைய பெஞ்சு, கிறீச்சென்றது. "பார்த்துடி குண்டூஸ், உடைஞ்சுடப் போகுது" என்று நான்தான் கத்தினேன். வரிசை மொத்தமும் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நீ. சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் ஓரத்தில் நின்றாய். அந்தப் பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது. அடுத்த வாரம் வகுப்பு முழுக்கப் பரவி, பிறகு உன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அதைப் பாசத்தில் வைத்த பெயர் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாசம் இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பெயரை உன் மேல் போட்டது பாசம் இல்லை, வரிசையில் நாலு பேரைச் சிரிக்க வைக்கும் ஆசை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் வசந்தி. "விடுடி, சின்ன வயசு" என்று நீ எழுதுவாய் என்று தெரியும். உன் ஆறுதலுக்காக இதைக் கேட்கவில்லை.

என் மகள் அதைக் கண்டுபிடித்தது எப்படி என்று யோசித்தேன். அவளுக்கு 12 வயது. அன்று ராத்திரி போனில் இருக்கும் படங்களை வரிசையாகப் பார்த்தேன். எட்டு வயது வரைக்கும் கையைக் காலை விரித்துக்கொண்டு படத்தின் நடுவில் குதிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு முன்னால் எப்போதும் ஏதாவது இருக்கிறது. ஒன்றில் ஸ்கூல் பேக்கை வயிற்றோடு கட்டிப் பிடித்திருக்கிறாள். இன்னொன்றில் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால். பிறகு தம்பியைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருக்கிறாள், ஏழெட்டுப் படங்களில். ஒளிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் உன்னைப் பார்த்ததும் கேட்டாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் விஷயம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே "என்னடி, போன தடவையை விடத் தளதளன்னு ஆயிட்டே" என்பார்கள். அடுத்தவர் "ஒரு சுற்று பெருத்துட்டா" என்பார். அவர்களுக்கு அது 'நல்லா இருக்கியா' மாதிரி ஒரு விசாரிப்பு. சொல்லிவிட்டு மறந்தும் போவார்கள். ஆனால் பெரியவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் அளப்பது உடம்பைத்தான் என்று அந்தக் குழந்தை புரிந்துகொண்டுவிட்டாள்.

நம் பேச்சையே கொஞ்ச நாளாகக் காது கொடுத்துக் கேட்கிறேன். உடம்பைக் குறை என்கிறோம், கவனித்தாயா? எடையைக் குறை என்றுகூடச் சொல்வதில்லை. ஒரு பெண்ணிடம் நீ கொஞ்சம் குறைந்துகொள் என்று சொல்வது போலத்தான் அது இருக்கிறது. கொழுப்பு என்ற சொல்லைப் பார். சதையில் இருப்பதும் அதுதான், திமிருக்கும் அதே பெயர். "உனக்கு உடம்பு கொழுத்துப்போச்சு" என்றால் அது வசவு. அந்த வசவையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண் கண்ணாடியில் தன் இடுப்பைப் பார்க்கும்போது சதையை மட்டுமா பார்ப்பாள்? தான் ஏதோ தப்புப் பண்ணிய மாதிரிதானே இருக்கும்? ஆணுக்கு 'வாட்டசாட்டம்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதே அகலத்தில் ஒரு பெண் நின்றால் 'குண்டு'. மெலிந்தவர்களையும் விடுவதில்லை. ஒல்லிக்குச்சி, நோஞ்சான், காத்தடிச்சாப் பறந்துடுவே. என் அண்ணி கல்லூரிக் காலம் முழுக்கப் புடவைக்குள் இரண்டு பாவாடை கட்டிக்கொண்டு போனாளாம், போன மாதம்தான் சொன்னாள்.

ஆண்கள் தப்பித்தார்கள் என்றும் இல்லை. என் வீட்டுக்காரரின் தொப்பையைத் தட்டி "எத்தனை மாசம்?" என்று கேட்காத நண்பர் கிடையாது. அவரும் சேர்ந்து சிரிப்பார். இரண்டு வருஷமாகச் சட்டையை உள்ளே விட்டுக் கட்டுவதில்லை. நான் காரணம் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை.

மகள் விஷயத்தில் பயந்துபோய்க் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதில் ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2,379 சிறுமிகளைப் பத்து வயதிலிருந்து தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு, 2014-ல் வெளியானது. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், தோழி, டீச்சர் என்று யாராவது உன்னை ரொம்பக் குண்டு என்று சொல்லியிருக்கிறார்களா என்று பத்து வயதில் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஆமாம் என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் 19 வயதில் உடல்பருமன் வரம்புக்குள் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பத்து வயதில் இருந்த எடை, வீட்டு வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அப்படித்தான். எத்தனை பேர் சொன்னார்களோ அந்த அளவுக்கு வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது. குழந்தை உஷாராகட்டும் என்றுதானே சொல்கிறோம், அது திரும்பி எங்கே போய் நிற்கிறது பார்.

காரணம் யோசித்தால் புரிகிறது. வெட்கப்பட்ட உடம்பு விளையாடப் போகாது, ஓடினால் நாலு பேர் பார்ப்பார்களே. எல்லார் முன்னாலும் சாப்பிடக் கூசிப் பட்டினி கிடக்கும், பிறகு தனியாக இருக்கும்போது அவசர அவசரமாகச் சாப்பிடும், சாப்பிட்டுவிட்டு அழும். அவமானமும் ஒரு மன அழுத்தம்தான். அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் பசியைத் தூண்டி விடுகிறது. இதற்கெல்லாம் மேல், டாக்டரிடமே போகாது.

அது என் சொந்த அனுபவம். முட்டி வலி என்று எழுதியிருந்தேனே, அதற்குப் போன முதல் டாக்டர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார், சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினார், "உடம்பைக் குறைங்க, தானா சரியாயிடும்" என்றார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. தப்பு என் மேல்தான் என்று வந்துவிட்டேன். எட்டு மாதம் நொண்டினேன். இரண்டாவதாகப் பார்த்தவர் படுக்க வைத்து, முட்டியை அழுத்தி, மடக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். உள்ளே குருத்தெலும்பு கிழிந்திருந்தது. எடை கூடினால் முட்டிக்குப் பாரம் ஏறும், சர்க்கரைக்கும் வழி வைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் எடையைப் பார்த்த கண் என் காலைப் பார்க்கவில்லை. இப்போது பிசியோதெரபி போகிறேன், மாடிப்படி ஏற முடிகிறது.

அந்தச் சுவர் அட்டவணை இருக்கிறதே, பி.எம்.ஐ., எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது, அந்தக் கணக்குக்கு மூலம் 1832-ல் அடோல்ஃப் கெத்லே என்ற பெல்ஜியக்காரர் கண்டு சொன்னது. அவர் டாக்டர் இல்லை. வானியலும் புள்ளியியலும் தெரிந்தவர். ஒரு கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியவர். இந்தப் பெயர் வந்ததே 1972-ல், அன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் வைத்தது. அதை மட்டும் வைத்து ஒரு தனி மனிதரின் ஆரோக்கியத்தை முடிவு கட்டக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கமே 2023-ல் சொல்லிவிட்டது. கூட்டத்துக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு எட்டு மாதம் நான் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

சரி, உன் வரிக்கு வருகிறேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ குண்டே இல்ல" என்று ஏன் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். மிமி நிக்டர், நான்சி வுகோவிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் இதைப் பற்றித்தான் எழுதினார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் "நான் எவ்வளவு குண்டு" என்பார்களாம். உடனே தோழிகள் "சேச்சே, நீயா?" என்பார்களாம். அது ஒரு மாதிரி சடங்கு. படித்ததும் எனக்கு நம் இரண்டு பேர் குரலும் கேட்டது. அந்தப் பதிலில் என்ன கோளாறு என்றால், குண்டாக இருப்பது ஒரு கேவலம், நல்ல வேளை நீ அது இல்லை என்று நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ உடம்பு வைத்திருக்கலாம். 46 வயதாகிறது, இரண்டு குழந்தை பெற்றவள், தைராய்டுக்கு மாத்திரை போடுகிறவள். வைத்திருந்தால் வைத்திருக்கட்டும். அதற்காக உன் முகத்தை நான் பதினைந்து வருஷம் பார்க்காமல் இருக்க வேண்டுமா?

வீட்டில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "ஐயோ, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு" என்று பெருமூச்சு விடுவது என் வழக்கம். மகள் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். இப்போது அதை நிறுத்திவிட்டேன். முதல் வாரம் வாய் வரைக்கும் வந்து நின்றது. எடையைப் பற்றிப் பேசும் வீட்டுப் பிள்ளைகள்தான் பட்டினி கிடப்பது, அளவில்லாமல் சாப்பிடுவது என்று தடுமாறுகிறார்கள், சத்தான சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசும் வீடுகளில் அது குறைவு என்று 2013-ல் வந்த ஒரு ஆய்வில் படித்தேன். அதனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம், தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம், எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வருகிறவர்கள் வாசலில் "ஒரு சுற்று பெருத்துட்டா" என்று ஆரம்பித்தால், "அவ இப்போ நீச்சல் கத்துக்கறா, கேளுங்க" என்று பேச்சைத் திருப்புகிறேன். போன வாரம் ஒருவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன், அவள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று. அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் சங்கடம்தான். ஆனால் அவர் போன பிறகு மகள் வந்து என் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள், ஒன்றும் பேசவில்லை.

நீச்சலில் சேர்த்ததில் இருந்த ஒரே தகராறு நீச்சல் உடை. மூன்று நாள் போக மாட்டேன் என்றாள். நாலாவது நாள் நானும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு கூடப் போனேன். முட்டிக்கு நல்லது என்று பிசியோதெரபிஸ்டும் சொல்லியிருந்தார். இப்போது தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நேரம் மூச்சடக்குகிறாள் என்று எண்ணுவதுதான் என் வேலை. நேற்று 31 விநாடி.

உன் பெரியவன் பரீட்சை எப்படி எழுதினான்? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? எழுது. அந்தப் பெயர் உனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது என்றால் அதையும் எழுது, நம்புகிறேன். பிடிக்கவில்லை என்றால் எப்போதிலிருந்து பிடிக்கவில்லை என்று சொல். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

கூடவே ஒரு போட்டோ. முகம் மட்டும் வெட்டி அனுப்பாதே. நடுவில் நின்று, கால் வரைக்கும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல். என் மகள் கேட்கிறாள், அந்தப் போட்டோவில் ஓரத்தில் நின்ற அக்கா இப்போது எப்படி இருப்பார்கள் என்று.

உன்,
மல்லிகா