கவுண்ட் நார்மல், சரிங்க டாக்டர்

ரத்தப் புற்றுநோய் ஓபி பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். எட்டு வருடமாக இமாட்டினிப் 400 மாத்திரை சாப்பிடுகிற சிஎம்எல் நோயாளி நான், அது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். தையல் வேலை. போன செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை, ரத்தத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பிசிஆர் டெஸ்டில் அளவு ஏறிவிட்டது என்று எல்லார் முன்னாலும் திட்டினீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாத்திரையை விட்டிருக்கிறார், தப்புதான். ஏன் விட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: சித்தாள் வேலை, மாத்திரை போட்டால் வயிறு நிற்காமல் போகிறது, கட்டிடத்தில் கக்கூஸ் கிடையாது. அதனால் வேலை கிடைக்கிற நாளில் மாத்திரை கிடையாது.

எனக்கு இந்த மாத்திரையால் குரக்களி. ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகும், எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தை ஊன்றி நின்றால் மெல்ல விடும், விட்ட இடம் மறுநாள் பூரா அடிபட்ட மாதிரி வலிக்கும், அந்தக் காலை வைத்துத்தான் மிஷினை மிதிக்க வேண்டும். கையும் அப்படித்தான். ஒருமுறை கல்யாண ரவிக்கை வெட்டும்போது கத்தரிக்கோலோடு விரல்கள் மடங்கி நின்றுவிட்டன, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். துணிக்குக் காசு நான்தான் கொடுத்தேன். இதை உங்களிடம் நான்கு தடவை சொல்லியாயிற்று. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்வது: "கவுண்ட் நார்மலா இருக்கும்மா, அப்புறம் என்ன?"

காலையில் முகம் வீங்குவதையும் தோல் வெளுத்ததையும் சொல்லவே இல்லை. சொந்தக்காரர்கள் என்ன க்ரீம் போடுகிறாய் என்று கேட்கிறார்கள், அந்த வகையில் லாபம்தான்.

சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை இது. முதல் நான்கு மாதம் வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுத்தேன். மருந்துப் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை மகள் படித்துச் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த மருந்துக்கு பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் விற்கும் உரிமை, கிடையாது என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டுக் கம்பெனி மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றதை நம்மூர்க் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. நோயாளிகளுக்கான சங்கம் வருடக்கணக்கில் வழக்காடி நின்றது. மாத்திரை எங்கள் கைக்கு வர அவ்வளவு பேர் உழைத்திருக்கிறார்கள், அதை உடம்பு தாங்குகிறதா என்று கேட்க இங்கே ஓர் ஆள் இல்லை. புற்றுநோய் தினத்தன்று பலூன் கட்டி எங்களைப் போராளிகள் என்றீர்கள். போராளிகள் தரையில் உட்கார்ந்துதான் கேட்டோம், பெஞ்ச் பத்தவில்லை.

சரி, அதை விடுங்கள். கேட்பது ஒன்றுதான். ஓபி நாளில் ஒரு நர்ஸ், ஒரு மணி நேரம். மாத்திரை போட்டால் என்ன செய்கிறது, எத்தனை நாள் விட்டீர்கள் என்று திட்டாமல் கேட்டுச் சீட்டில் எழுதட்டும். டோஸைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா, வயிற்றுக்கு ஏதாவது கொடுப்பதா என்பதை நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு நர்ஸ், ஒரு மணி நேரம், தயவுசெய்து.

அந்த அக்கா வரும் செவ்வாய்க்கிழமை வரமாட்டேன் என்கிறார். நான் கூட்டிவருகிறேன். இந்தத் தடவை ஏன் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வரிசையில் ஒருத்தி