பயாஸில் மணி என்ன காட்டுகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் நீ அவசரத்தில் சொன்னது பாதிதான் புரிந்தது. நான் பதில் சொன்னாலும் உனக்கு அதே கதிதான். அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படி.

ராமின் (கம்ப்யூட்டர் மெமரியின்) வேகத்தை 3200-இல் வைத்தால் ரெண்டொரு நாளில் 2133-க்கு வந்துவிடுகிறது, ப்ராசஸருக்கு நீ ஏற்றிவைத்த வேகமும் போய்விடுகிறது என்றாய். கடைக்காரர் போர்டையே மாற்றச் சொன்னாராம். கொஞ்சம் பொறு. அடுத்த முறை செட்டிங் போகிற அன்றைக்கு, விண்டோஸுக்குள் போகவிடாமல் டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் போர்டே காட்டுகிற செட்டிங் திரைக்குள்) போய்த் தேதியையும் மணியையும் பார். விண்டோஸில் பார்த்துப் பிரயோஜனமில்லை, நெட் கிடைத்ததுமே அது மணியைத் திருத்திக்கொள்ளும்.

தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், போர்டில் காசு மாதிரி இருக்கிற குட்டிப் பேட்டரி தீர்ந்ததுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஷட் டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறவரை எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பெட்டி) போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். சுவிட்சை அணைத்தால்தான் பேட்டரிக்கு வேலை. நம் வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிற பழக்கம். நீ மறந்துபோய்த் தூங்கின ராத்திரிகளில் செட்டிங் தப்பியிருக்கும், யோசித்துப் பார். இப்போதைய போர்டுகளில் செட்டிங், பேட்டரி இல்லாமலே நினைவு வைக்கிற ஃபிளாஷ் சிப்பில்தான் இருக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் கடிகாரம் செத்திருப்பதைக் கண்டதும் டீஃபால்ட்டுக்கு (கம்பெனி செட்டிங்குக்கு) போய்விடுகிற போர்டுகளும் உண்டு.

எங்கள் பாலிடெக்னிக் லேபில் கோடை விடுமுறை முடிந்து ஜூனில் மெயினைப் போட்டால், ஒரு வரிசை முழுக்க கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எர்ரர்' (பேட்டரி தீர்ந்து செட்டிங் அழிந்துவிட்டது) என்று எஃப்1-க்குக் காத்து நிற்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்போம். புது பேட்டரி 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுவோம். சிஆர்2032 என்று கேள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். உன் போர்டில் அது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கலாம். கார்டை இழுக்குமுன் ஸ்லாட் ஓரத்துக் குட்டிக் கொக்கியை அமுக்கு. அமுக்காமல் இழுத்து ஸ்லாட்டையே பெயர்த்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

மணி சரியாக இருந்து செட்டிங் மட்டும் போயிருந்தால் அது வேறு கதை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் போர்டு நீ கேட்ட வேகத்தில் ராமை ஓட்டிப் பார்க்கும். சில முறை தோற்றால் தானே பழைய வேகத்துக்கு இறங்கிவிடும், பல போர்டுகள் 'ஓவர்கிளாக்கிங் ஃபெயில்ட்' (வேகத்தைக் கூட்டினது எடுபடவில்லை) என்று சொல்லவும் செய்யும். அப்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நோண்டாதே. ப்ராசஸரை ஆட்டோவில் விட்டு எக்ஸ்எம்பி (ராமிலேயே எழுதியிருக்கிற வேக செட்டிங்) மட்டும் போடு. ரெண்டு ராமும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் 2, 4-ஆம் ஸ்லாட்டில் இருக்கின்றனவா பார். ஒன்றை அப்போதும் மற்றதைப் பிறகும் வாங்கியிருந்தால் எனக்கு அங்கேதான் சந்தேகம். ரெண்டுக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் 3000-இல் வை, உன் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கிற ப்ரோகிராம்) ஓடட்டும். யூடியூபில் யாரோ சொன்னான் என்று ராம் வோல்ட்டேஜை 1.35-க்கு மேல் ஏற்றாதே.

ப்ராசஸர் ஓவர்கிளாக் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டால், விட்டுவிடு. 1998-இல் வந்த செலரான் 300ஏ-வில் பஸ்ஸை (ப்ராசஸருக்கு அடிப்படையான வேகத்தை) 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. ஓசியில் ஒன்றரை மடங்கு! அதில் ஒரு நியாயம் இருந்தது. உன் ரைசன் 5 3600 தேவைப்படும்போது தானே 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. எல்லாக் கோரையும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகளை) 4.1-இல் கட்டிப்போட்டால், ஒற்றைக் கோர் வேலையில் நஷ்டம் உனக்குத்தான்.

பேட்டரியைக் கழற்றுமுன் பயாஸ் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொள். பழையதை மேசைமேல் போட்டுவைக்காதே. பாப்பா கண்டதையும் வாயில் போடுகிற வயசு. தீர்ந்த பேட்டரியாக இருந்தாலும் தொண்டையில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். கழற்றின கையோடு செல்லோ டேப் சுற்றி, எட்டாத உயரத்தில் வை.

மல்டிமீட்டர் உன்னிடம் இல்லையென்றால் சொல், ஊருக்கு வரும்போது என்னுடையதை எடுத்து வருகிறேன். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா