சிறைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கிறேன். பேத்தி இரண்டாம் வகுப்பு, பேரன் அங்கன்வாடி. அவர்களுடைய அப்பா, அதாவது என் மகன், விசாரணைக் கைதியாக மத்திய சிறையில் இருக்கிறான். மருமகள் நூல் மில்லில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறாள். அவன் தப்பு செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். எதிர்த்தரப்புக் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்கட்டும். நான் எழுத வந்தது பிள்ளைகளைப் பற்றி.

மகன் லாரி ஓட்டிக் கொண்டுவந்த சம்பளம் நின்றுபோய், வக்கீல் செலவு வந்து சேர்ந்தது. சிறைக் கேண்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்க அவன் கணக்கிலும் ஏதாவது கட்ட வேண்டும். எனக்கு வரும் சொற்ப ஓய்வூதியம், மருமகளுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், அவளுடைய மில் சம்பளம், இவ்வளவுதான் வீட்டு வரவு. பள்ளியில் காலை உணவு போடுகிறார்களோ, நான் பிழைத்தேனோ. மருமகள் காலை ஷிஃப்ட் போகும் நாளில் ஒரு பிள்ளையின் வயிற்றுக்காவது கவலை இல்லை.

எங்கள் மாவட்டத்தில் மத்திய சிறை கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் வெளியூர்ச் சிறைக்குப் போகிற பஸ்ஸில் உண்டு. சிறையில் இருப்பவரைப் போய்ச் சந்திப்பதை 'மனு பார்ப்பது' என்போம். ஞாயிற்றுக்கிழமை மனு பார்க்க விடமாட்டார்கள் என்பதால் பேத்திக்குப் பள்ளி நாளில் லீவு போட வேண்டியிருக்கிறது. காலையில் மனு கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருந்தால் சில நிமிடம் பேசலாம். நடுவில் கண்ணாடி, பேசுவதற்கு இன்டர்காம். இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். போன தடவை பேத்திக்கு முன்பல் விழுந்திருந்தது. வழியெல்லாம் அதைத்தான் அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்று வந்தாள். ரிசீவரைக் கையில் கொடுத்ததும் பேச்சே வரவில்லை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, வாயை ஆவென்று திறந்து கண்ணாடிப் பக்கம் காட்டினாள். அவன் சிரித்துவிட்டான். அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டார்.

அந்த வரிசையில் தாத்தா பாட்டிகள்தான் அதிகம். மருமகன் கையால் மகளைப் பறிகொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு அம்மா இருக்கிறார். பிள்ளைகள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுதால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவரே கூட்டிக்கொண்டு வருகிறார். இன்னொரு பெரியவரின் மகள் பெண்கள் சிறையில் இருக்கிறாள், பேரனும் அவளோடு உள்ளே. ஆறு வயது முடிந்ததும் பையனை வெளியே அனுப்பிவிடுவார்கள், அப்புறம் அவர்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பையன் இன்றைக்குக் கணக்கில் இருக்கிறான். தாயோடு சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மருத்துவம், படிப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகமும் எண்ணி வைக்கிறது: 2022 கடைசியில் 1,537 பெண் கைதிகளுடன் 1,764 பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். அதே வருடம் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர், நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் விசாரணைக் கைதிகள். இத்தனை பேருக்கும் வெளியே எத்தனை பிள்ளைகள், யார் சோறு போடுகிறார்கள்? அந்த அறிக்கையில் அதற்கு ஒரு பத்தி கிடையாது. நான் வேலை பார்த்த காலத்தில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு முட்டை குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ரெஜிஸ்டரே போடவில்லை.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் வருடத்துக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கேள்விப்பட்டு விண்ணப்பம் கேட்கப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அப்பா இறப்புச் சான்றிதழ் இருக்காம்மா?"

"உயிரோடதான் இருக்கான் சார்."

"அப்போ விவாகரத்தா? விட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்லை சார், ஜெயில்ல இருக்கான்."

"அப்படின்னா இதை எதுல சேர்க்கிறது?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-வது பிரிவில், இந்த மாதிரி நிதி ஆதரவு யாருக்கு என்பதற்கு விதவைத் தாய், விவாகரத்து ஆனவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர், உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளை, உயிர்க்கொல்லி நோய் வந்த பெற்றோர், விபத்தில் முடங்கிய பெற்றோர் என்று சொல்லியிருக்கிறது. சிறை அதில் இல்லை. இவர்களுக்கு மட்டும்தான் என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆனால் மேஜையில் இருப்பவர், எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்.

மற்ற மாநிலங்களில் வழி கண்டிருக்கிறார்கள். ராஜஸ்தானில் பாலன்ஹார் திட்டத்தில், பெற்றோர் ஆயுள் தண்டனையோ தூக்குத் தண்டனையோ பெற்ற பிள்ளையை வளர்க்கும் உறவினருக்கு மாதா மாதம் பணம் தருகிறார்கள். டெல்லி அரசு சிறையிலிருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கென்றே 2014-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் கைதிகளின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி இருக்கிறது. ராஜஸ்தான் மாதிரி ஆயுள் தண்டனைக்கு மட்டும் என்று நம் ஊரில் வைத்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. விசாரணையிலேயே வருடம் ஓடுகிறதே. குண்டர் சட்டத்தில் போட்டால் வழக்கு முடியாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அதுவரை ஸ்கூல் ஷூ கிழியாமல் இருக்குமா?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தத் தாளிலேயே, 18 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உண்டா, இனி யார் பார்ப்பார்கள் என்று இரண்டு கேள்வி சேர்க்கட்டும். பதில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகட்டும். அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தால், சான்றிதழுக்காக நாங்கள் சிறை வாசலுக்கும் அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. தண்டனைக் கைதி விடுப்பு கேட்டால் மட்டும் நன்னடத்தை அலுவலர் வீடு தேடி வந்து விசாரிக்கிறாரே! பிள்ளைகளோடு வருபவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனு வைத்தால், கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் உட்கார வைத்தால், இன்னும் நல்லது.

பேத்தியின் டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கம்பக்கத்தில் எல்லோரும், அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள் என்றார்கள். துபாய் அப்பா ஒரு பென்சில் பாக்ஸ்கூட அனுப்பவில்லையா என்று மற்ற பிள்ளைகள் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? நான் டீச்சரிடம் தனியாகப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனு பார்த்துவிட்டு வரும் மறுநாள் வீட்டுப்பாடம் கேட்பதில்லை. இதற்கு எந்த அரசாணையும் அவருக்கு வரவில்லை.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். பேத்தியோடு படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
விருதுநகர் மாவட்டம்.