தருமபுரியில எங்களுக்கு தண்ணி பிடிச்சு வச்ச அக்காவுக்கும் மத்தவங்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியில இருந்து வேலைக்காக தருமபுரி வந்து இந்த மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது, யாருக்கும் ஒழுங்கா நன்றி சொல்லலையேன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுதுறேன். வீட்டுக்காரர் கப்பல் வேலையில இருக்காரு, அதனால நானும் அம்மாவும் அஞ்சு வயசு பொண்ணும் மட்டும்தான் கெளம்பி வந்தோம்.

மொதல்ல ஆட்டோ அண்ணனுக்கு. நாங்க வந்த அன்னிக்கு தொப்பூர் கணவாயில லாரி கவுந்து ரோடு பிளாக், பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போது ராத்திரி பதினொன்னரை. போன்ல பேசி அட்வான்ஸ் அனுப்பி வச்ச வீட்டுக்கு போனா அங்க வேற குடும்பம் குடியிருக்கு, பணம் வாங்குன ஆளு போனே எடுக்கல. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு. அண்ணே, நீங்க பாட்டுக்கு எறக்கி விட்டுட்டு போயிருக்கலாம். "பாப்பாவ வச்சிக்கிட்டு இந்நேரத்துல எங்கம்மா போவீங்க"ன்னு உங்க வீட்டுக்கே கூட்டிட்டு போயி, அண்ணிய எழுப்பி, பாய் விரிச்சு படுக்க வச்சீங்க. மறுநாளு நாலு ரோடு பக்கமெல்லாம் சுத்தி வீடும் பாத்து குடுத்தீங்க, ஆட்டோ காசுன்னு ஒரு ரூபா வாங்கல.

அடுத்து பக்கத்து வீட்டு அக்கா. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் இத எழுதுறேன், "எழுது, நாலு பேருக்கு தெரியட்டும்"னு சொன்னாங்க.

குடி வந்த புதுசுல போர் தண்ணிய அடுப்புல வச்சு காய்ச்சிக்கிட்டு இருந்தேன், எந்த தண்ணியா இருந்தாலும் காய்ச்சினா போதும்னுதான் எனக்கு பழக்கம். அக்கா பாத்துட்டு "இது குடிக்கவா"ன்னு கேட்டாங்க, ஆமான்னேன். இங்க போர் தண்ணியில ஃபுளோரைடுன்னு பல்ல கெடுக்குற ஒரு உப்பு ஜாஸ்தி, காய்ச்சினா கிருமிதான் சாகும் அது போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும்னாங்க. எனக்கு அப்பவும் பிடிபடல. அதுவரைக்கும் முந்தானையால வாய மறச்சுக்கிட்டேதான் பேசுனாங்க, புது ஆளுன்னு கூச்சம்னு நெனச்சிருந்தேன், அப்ப அத எடுத்துட்டு பல்ல காட்டுனாங்க. முன்பல்லுல குறுக்க பழுப்பு பழுப்பா கோடு, அங்கங்க சின்ன சின்ன குழி. பென்னாகரம் பக்கம் கிராமத்துல சின்ன வயசுல அடிபைப்பு தண்ணி குடிச்சு வளந்ததுல வந்ததாம், எவ்வளவு தேய்ச்சாலும் போகாதாம். "உன் பொண்ணுக்கு விழுந்து மொளைக்கப்போற பல்லு இப்பத்தான் உள்ள வளருது, இந்த வயசுலதான் பாத்துக்கணும்"னு சொன்னாங்க. முன்ன பின்ன தெரியாத என்கிட்ட, அத்தன வருஷமா மறச்சத என் பொண்ணுக்காக காட்டுனாங்க, இத நெனச்சா எனக்கு இப்பவும் தொண்ட அடைக்கும்.

2013-ல இருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்துல காவிரி தண்ணி வருது. எங்க தெருவுக்கு வர்ற நேரம் நான் ஆபீஸ்ல இருப்பேன், அம்மாவுக்கு முட்டி வலி, குடம் தூக்க முடியாது. அன்னில இருந்து இன்னி வரைக்கும் எங்க வீட்டு ஆறு குடத்தையும் அக்காதான் பிடிச்சு, வெள்ளத் துணி போட்டு மூடி வைக்கிறாங்க. சோறு வடிக்க, காப்பி போட எல்லாத்துக்கும் அதான், போர் தண்ணி துணி தொவைக்க மட்டும். புதுசா இந்தப் பக்கம் குடி வர்றவங்க, முக்கியமா சின்னப் புள்ள வச்சிருக்கவங்க, குடிக்கிற தண்ணி எதுன்னு மொத நாளே கேட்டுக்கோங்க.

ஆபீஸ்ல சீனியர் மேடத்துக்கும் நன்றி, ஸ்கூல் அட்மிஷனுக்கு நான் மூணு நாள் அலைஞ்சப்ப என் வேலையையும் சேத்து பாத்தாங்க. ராகி களிய மெல்லக்கூடாது, கொழம்புல தோச்சு முழுங்கணும்னு சொல்லிக் குடுத்ததும் அவங்கதான், இப்ப எங்க வீட்டுல வாரம் ரெண்டு நாள் களி.

பொங்கலுக்கு ஊருக்கு போறோம். அண்ணே, உங்க புள்ளைங்களுக்கு மக்ரூன் கண்டிப்பா வரும். அக்கா, நீங்க கேட்ட நெத்திலி கருவாட்டுக்கு இப்பவே சொல்லி வச்சுட்டேன். போன வாரம் பாப்பாவுக்கு மொத பல்லு விழுந்தப்ப, அத கையில பொத்திக்கிட்டு அவ ஓடுனது உங்க வீட்டுக்குத்தான். அன்னிக்கு நீங்க வாய மறைக்காம சிரிச்சீங்க, நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.